இரண்டு டாக் கருவிகளை வீட்டில் நேர்மையாக ஒப்பிடுவது எப்படி?

கைபேசியிலும் மடிக்கணினியிலும் சிடியிலும் பாட்டு எண்களாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்களை ஹெட்போனுக்கோ ஆம்ப்ளிஃபயருக்கோ தேவையான மின்னழுத்த அலையாக மாற்றித் தரும் பகுதிக்கு டாக் (DAC) என்று பெயர். பாட்டுக் கேட்க உதவும் எந்த டிஜிட்டல் கருவிக்குள்ளும் ஒரு டாக் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வேலையை மட்டும் தனியாகச் செய்யும் கருவிகளும், கைபேசியில் செருகும் சில நூறு ரூபாய் டாங்கிளில் தொடங்கிப் பல லட்சம் ரூபாய்ப் பெட்டி வரை, சந்தையில் கிடைக்கின்றன. விலை கூடிய கருவி உண்மையிலேயே வேறு மாதிரி ஒலிக்குமா என்பதுதான் புதிதாக வருபவர் எல்லோரும் கேட்கும் கேள்வி. அதற்கு மற்றவரின் விமர்சனத்தை விடையாக ஏற்கத் தேவையில்லை. உங்கள் ஹெட்போனை வைத்து, உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.

அந்தச் சோதனை செல்லுபடியாக வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். இரண்டு கருவிகளும் ஒரே ஒலி அளவில் ஒலிக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில நொடிகளுக்குள் மாற முடிய வேண்டும். எது ஒலிக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். பெரும்பாலான வீட்டு ஒப்பீடுகள் முதல் நிபந்தனையிலேயே தவறிவிடுகின்றன என்பதால், அதற்குத்தான் இங்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

எதை ஒப்பிடுகிறோம்?

டாக் என்று விற்கப்படும் பெட்டிக்குள் எண்களை வாங்கும் யுஎஸ்பி அல்லது ஆப்டிகல் பகுதி, மாற்றும் சில்லு, அதற்குப் பின்னால் அனலாக் சுற்று, மின்சப்ளை ஆகியவை இருக்கும். பல கருவிகளில் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தே வரும். அப்படிப்பட்ட ஒன்றின் ஹெட்போன் துளையில் நேரடியாகக் கேட்டால், நீங்கள் ஒப்பிடுவது டாக்கையும் ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்துத்தான். டாக்கை மட்டும் ஒப்பிட விரும்பினால், இரண்டு கருவிகளின் லைன் அவுட்டையும் (ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் வெளியீடு) ஒரே ஆம்ப்ளிஃபயரின் இரண்டு இன்புட்டுகளில் இணைக்க வேண்டும். எதை ஒப்பிடுகிறோம் என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்து தாளில் எழுதிக்கொள்வது நல்லது.

சில்லின் பெயருக்கு விளம்பரங்களில் கிடைக்கும் முக்கியத்துவம் என் கருத்தில் மிகையானது. ஈஎஸ்எஸ், ஏகேஎம், சிரஸ் லாஜிக், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பர்-பிரவுன் வரிசை என இந்தச் சில்லுகளைத் தயாரிப்பவர்கள் சிலரே; ஒரே சில்லை வைத்து நல்ல கருவியையும் செய்யலாம், சுமாரான கருவியையும் செய்யலாம். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகா நகரில் இருந்த ஏகேஎம் தொழிற்சாலையில் தீ விபத்து ஏற்பட்டுச் சில்லுகள் கிடைக்காமல் போனபோது, பல நிறுவனங்கள் தங்கள் கருவிகளை ஈஎஸ்எஸ் சில்லுக்கு மாற்றி வடிவமைத்தன. ஆகவே ஒரு மாடலின் விமர்சனத்தைப் படிக்கும்போது அது எந்தப் பதிப்பைப் பற்றியது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 32 பிட் (ஒவ்வொரு எண்ணின் நுணுக்கம்), 768 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை ஆயிரம் எண்கள்) போன்ற எண்கள் அந்தக் கருவி எத்தகைய கோப்பை ஏற்கும் என்பதைத்தான் சொல்கின்றன. எவ்வளவு நன்றாக ஒலிக்கும் என்பதை அவை சொல்வதில்லை. 1982-இல் விற்பனைக்கு வந்த சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவீடே ஏறத்தாழ 96 டெசிபல் இயங்கு வீச்சையும் (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான தூரம்), 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களையும் தருகிறது. மனிதக் காதின் மேல் எல்லை இளவயதில் சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். 24 பிட் கணக்குப்படி 144 டெசிபல் வர வேண்டும். ஆனால் மின்சுற்றுகளின் இயல்பான இரைச்சல் காரணமாக மிகச் சிறந்த கருவிகள்கூட 120-களிலும் 130-ஐ ஒட்டியும் நின்றுவிடுகின்றன. 2007-இல் மேயரும் மோரனும் வெளியிட்ட ஆய்வில், உயர் தெளிவுப் பதிவை அப்படியே கேட்பதையும் சிடி அளவுக்குக் குறைத்துக் கேட்பதையும் 554 முறை ஒப்பிடச் செய்தார்கள். 276 முறை சரியான விடை வந்தது, அதாவது நாணயம் சுண்டினால் கிடைக்கும் அளவு. 2016-இல் ஜோஷுவா ரைஸ் இத்தகைய 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சரியான விடைகள் 52.3 விழுக்காடு இருந்தன. பயிற்சி பெற்றவர்கள் இன்னும் கணிசமாக மேலே இருந்தார்கள். வேறுபாடு இருந்தாலும் அது எவ்வளவு சிறியது என்பதை உணர இந்த எண்கள் உதவும். இவ்வளவு சிறிய வேறுபாட்டைத் தேடும்போது சோதனையில் சிறு பிழை இருந்தாலும் முடிவு கெட்டுவிடும்.

முதல் படி: மூலத்தை ஒழுங்குபடுத்துதல்

இரண்டு டாக்குகளுக்கும் ஒரே எண்கள் மாறாமல் போய்ச் சேர வேண்டும். கணினியிலும் கைபேசியிலும் இது தானாக நடப்பதில்லை. விண்டோஸ் தனது வழக்கமான முறையில் எல்லா ஒலியையும் ஒன்றாகக் கலந்து, அமைப்பில் குறித்திருக்கும் ஒரே அதிர்வெண்ணுக்கு மாற்றித்தான் வெளியே அனுப்புகிறது. ஃபூபார்2000 போன்ற பிளேயரில் வசாபி எக்ஸ்க்ளூசிவ் அல்லது ஆசியோ வழியைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கலப்பைத் தவிர்க்கலாம். ஆண்ட்ராய்டிலும் பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றம் நடக்கிறது. யுஎஸ்பி ஆடியோ பிளேயர் புரோ போன்ற செயலிகள் தங்கள் சொந்த டிரைவர் மூலம் அதைத் தாண்டிச் செல்கின்றன.

அடுத்து, ஒலியை மாற்றக்கூடிய எல்லா வசதிகளையும் அணைத்துவிட வேண்டும். ஈக்வலைசர், டால்பி போன்ற சூழொலி விளைவுகள், ஸ்ட்ரீமிங் செயலிகளில் பாட்டுகளின் ஒலி அளவைத் தானாகச் சமன்செய்யும் அமைப்பு, ஆம்ப்ளிஃபயரில் லவுட்னெஸ் பொத்தான் ஆகியவை இதில் அடங்கும். ஆம்ப்ளிஃபயர் சிலவற்றில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியாக அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு இருக்கும். அதையும் சுழியத்தில் வைக்க வேண்டும். சோதனைக்கு ஸ்ட்ரீமிங்கைவிடக் கணினியில் சேமித்த, தரம் குறையாத ஃபிளாக் அல்லது வேவ் கோப்புகளே ஏற்றவை. அடுத்த படியில் அவற்றைத் திருத்த வேண்டியிருக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இரண்டாம் படி: ஒலி அளவைச் சமப்படுத்துதல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்வதற்குக் குறுக்குவழி எதுவும் கிடையாது. 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட அளவீடுகள் காட்டியபடி, ஒலி கூடும்போது காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே மாதிரி கூட்டிக் கேட்பதில்லை. தாழ்ந்த ஸ்வரங்கள் நடுப்பகுதியைவிட வேகமாக எழுந்து வருகின்றன. அதனால் ஒலி அளவு அரை டெசிபல் கூடினால், அது "சத்தம் கூடியிருக்கிறது" என்று நமக்குத் தோன்றுவதில்லை. "தெளிவு கூடியிருக்கிறது", "பேஸ் நன்றாக இருக்கிறது", "பாடகர் முன்னால் வந்து நிற்கிறார்" என்றெல்லாம்தான் தோன்றும். கருவிகளோ இந்த விஷயத்தில் ஒன்றுபோல இருப்பதில்லை. மேசை டாக்குகளின் லைன் அவுட் பொதுவாக 2 வோல்ட் தரும். ஒரே ஒலியை நேராகவும் தலைகீழாகவும் இரு கம்பிகளில் அனுப்பும் பேலன்ஸ்டு வெளியீடு பெரும்பாலும் 4 வோல்ட். ஆப்பிளின் சிறிய யுஎஸ்பி-சி டாங்கிள் 1 வோல்ட், ஐரோப்பாவில் விற்கப்படும் அதன் வடிவம் ஏறத்தாழ அதில் பாதி. 1 வோல்ட்டுக்கும் 2 வோல்ட்டுக்கும் இடையே 6 டெசிபல் வேறுபாடு இருக்கிறது. அதே ஆப்பிள் டாங்கிளை ஆண்ட்ராய்டு கைபேசியில் செருகினால், பல கைபேசிகளில் அது தன் முழு மின்னழுத்தத்தைத் தருவதே இல்லை. இந்த நிலையில் எந்தக் கருவியைப் பக்கத்தில் வைத்தாலும் அதுதான் உயிரோட்டமாகத் தோன்றும்.

காதால் சமப்படுத்த முயல வேண்டாம், 0.1 டெசிபல் அளவுக்குச் சமமாக்க வேண்டும், அது மீட்டரால்தான் முடியும். மின்னழுத்தக் கணக்கில் 0.1 டெசிபல் என்பது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு வேறுபாடு. ஆகவே இரண்டு அளவீடுகளும் ஒரு விழுக்காட்டுக்குள் ஒத்திருந்தால் போதும்.

இதற்கு ஒரு மல்டிமீட்டர் தேவை. கடைகளில் கிடைக்கும் மிக மலிவான மஞ்சள் நிற மீட்டர்கள் பலவற்றில் ஏசி வோல்ட் அளவின் மிகச் சிறிய ரேஞ்சே 200 வோல்ட்டாக இருக்கும். அவற்றால் இந்த வேலை நடக்காது. ஏசியில் 2 வோல்ட் அல்லது மில்லிவோல்ட் ரேஞ்ச் உள்ள மீட்டரைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண மீட்டர்கள் ஏசியை 40 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையில்தான் நம்பகமாக அளக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸ் டோனைப் பயன்படுத்தச் சொல்லும் அறிவுரைகள் ஆய்வகக் கருவி வைத்திருப்பவருக்கு உரியவை. நம் வேலைக்கு 300 ஹெர்ட்ஸ் பொருத்தமானது, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்திலிருந்தும் அது விலகி நிற்கிறது.

டோனை இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் செய்துகொள்ளலாம். ஜெனரேட் பட்டியலில் டோன் என்பதைத் தேர்ந்து, சைன் அலை, 300 ஹெர்ட்ஸ், வீச்சு 0.25, இரண்டு நிமிடம் என்று கொடுத்து, 24 பிட் வேவ் கோப்பாக வெளியே எடுங்கள். வீச்சு 0.25 என்பது முழு அளவுக்கு 12 டெசிபல் கீழே. 2 வோல்ட் டாக்கில் இது அரை வோல்ட்டாக வரும்.

அளக்க வேண்டிய இடம், இரண்டு கருவிகளுக்கும் பொதுவான கடைசி இடமாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் அளக்கலாம். அங்கே அளந்தால் இன்புட்டுகளுக்கு இடையே உள்ள சிறு வேறுபாடும் கணக்கில் வந்துவிடும். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, முதலை கிளிப்புகளை இரண்டு முனைகளிலும் ஒன்றையொன்று தொடாதபடி பொருத்தி, வால்யூமை மிகக் குறைவாக வைத்து, பிறகு இயக்குங்கள். முனைகள் ஒன்றோடொன்று பட்டால் ஆம்ப்ளிஃபயர் பழுதாகும். ஹெட்போன் வைத்திருப்பவர்கள் ஒரு ஸ்ப்ளிட்டர் கேபிளின் ஒரு பக்கத்தில் ஹெட்போனையும் மற்றொரு பக்கத்தில் மீட்டரையும் இணைத்து அளக்க வேண்டும். ஹெட்போன் இணைப்பில் இருக்கும்போது மின்னழுத்தம் சற்று இறங்கும் என்பதால், அதைக் கழற்றிவிட்டு அளப்பது பிழையான எண்ணைத் தரும். டோன் ஓடும்போது ஹெட்போனைத் தலையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிடுங்கள்.

இப்போது ஆம்ப்ளிஃபயரின் வால்யூமைத் தொடாமல், முதல் டாக்கிலும் இரண்டாவதிலும் டோனை ஓடவிட்டு இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, முதலாவது 0.525 வோல்ட்டும் இரண்டாவது 0.500 வோல்ட்டும் காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பெரியதைச் சிறியதால் வகுத்து, அதன் 10 அடிமான மடக்கையை 20-ஆல் பெருக்கினால் டெசிபல் வேறுபாடு கிடைக்கும். கைபேசிக் கால்குலேட்டரிலேயே செய்யலாம். இங்கே விடை 0.42. ஆகவே முதல் டாக்குக்கு அனுப்பும் ஒலியை 0.42 டெசிபல் குறைக்க வேண்டும். எப்போதும் சத்தம் கூடிய கருவியைத்தான் குறைக்க வேண்டும். மற்றதைக் கூட்டினால் உச்சங்கள் வெட்டுப்படும்.

டாக்கிலேயே உள்ள வால்யூம் பெரும்பாலும் அரை டெசிபல் அளவில்தான் நகரும், விண்டோஸ் வால்யூம் விழுக்காட்டில் காட்டும். இரண்டுமே நம் தேவைக்குக் கரடுமுரடானவை. நான் பரிந்துரைக்கும் வழி, சோதனைப் பாட்டுகளை ஆடாசிட்டியில் திறந்து, ஆம்ப்ளிஃபை விளைவில் −0.42 என்று கொடுத்து, 24 பிட்டில் தனிப் பிரதி எடுத்துக்கொள்வது. அந்தப் பிரதிகள் முதல் டாக்குக்கு. குறைக்கப்படாத கோப்புகள் இரண்டாவதற்கு. அவற்றையும் அதே மாதிரி 24 பிட்டில் ஒருமுறை வெளியே எடுத்து வைத்தால் இரண்டு தொகுப்புகளும் ஒரே வழியாக வந்தவையாக இருக்கும். டோன் கோப்பையும் அதே அளவு குறைத்து மீண்டும் அளந்து, இடது வலது இரண்டு பக்கமும் ஒரு விழுக்காட்டுக்குள் ஒத்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள். அதன் பிறகு சோதனை முடியும்வரை எந்தக் குமிழையும் யாரும் தொடக் கூடாது.

மூன்றாம் படி: மாற்றிக் கேட்கும் ஏற்பாடு

ஒலியின் நுண்ணிய தன்மைகளைப் பற்றிய நம் நினைவு சில நொடிகளுக்கு மேல் தாங்குவதில்லை. காலையில் ஒரு டாக்கில் கேட்டுவிட்டு மாலையில் மற்றொன்றில் கேட்டு, "பழையதில் வீணை இப்படி இல்லையே" என்று சொல்வதில் வீணையைவிட மனநிலைதான் அதிகம் பேசுகிறது. ஆகவே ஒரே பாட்டின் பத்துப் பதினைந்து நொடிப் பகுதியை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேட்க முடிய வேண்டும்.

ஒரே கணினியில் இரண்டு டாக்குகளையும் யுஎஸ்பி வழியாக இணைத்து, பிளேயரில் வெளியீட்டைத் தேர்ந்தெடுத்து, ஆம்ப்ளிஃபயரில் இன்புட் பொத்தானை அழுத்துவது எளிய வழி. ஹெட்போன் துளைகளை நேரடியாக ஒப்பிடுபவர்கள் பிளக்கையே மாற்றிச் செருக வேண்டியிருக்கும். அது மெதுவானது என்றாலும், 3.5 மில்லிமீட்டர் செலக்டர் சுவிட்ச் ஒன்று வாங்கிக்கொண்டால் வேகமாகிவிடும். மாறும்போது ஓரிரு நொடி இடைவெளி வருவதில் தவறில்லை. ஆனால் அந்த இடைவெளியும் அப்போது கேட்கும் கிளிக் ஒலியும் எது ஒலிக்கப் போகிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது.

நான்காம் படி: எது ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்டல்

விலையைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது விலையும் சேர்ந்தே கேட்கிறது. இது யாருடைய குறையும் இல்லை, மூளை வேலை செய்யும் விதம் அப்படி; அதனால் அனுபவம் மிக்கவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. மேலே சொன்ன அதே மன்சன், 1950-இல் கார்ட்னருடன் சேர்ந்து பெல் ஆய்வகத்திலிருந்து வெளியிட்ட முறைதான் இன்று ஏபிஎக்ஸ் சோதனை என்று வழங்குகிறது. முதலில் ஏ, பிறகு பி, அதன் பின் அந்த இரண்டில் ஏதோ ஒன்றான எக்ஸ். எக்ஸ் என்பது ஏயா பியா என்று நீங்கள் சொல்ல வேண்டும். எது நன்றாக இருக்கிறது என்ற கேள்வி இங்கே எழவே இல்லை; வேறுபடுத்திக் காண முடிகிறதா என்பதை மட்டுமே இது சோதிக்கிறது. வேறுபடுத்த முடியாத இரண்டில் எது சிறந்தது என்று கேட்பதற்குப் பொருள் இல்லை என்பதால் இந்த வரிசை சரியானதே.

வீட்டில் ஒருவரை உதவிக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அவர் வேறு அறையில் இருந்தபடி 16 முறை நாணயம் சுண்டி, தலை விழுந்தால் ஏ, பூ விழுந்தால் பி என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாள் உங்கள் கண்ணில் படக் கூடாது. பிறகு அவர் உங்களுக்குப் பின்னால் அமர்ந்து கருவிகளை மாற்ற, நீங்கள் உங்கள் விடையை மற்றொரு தாளில் எழுதுவீர்கள். உதவுபவர் பேசக் கூடாது. முக்கியமாக, பியிலிருந்து எக்ஸுக்குப் போகும்போது எக்ஸும் பியாகவே இருந்தாலும், அவர் சுவிட்சை ஏவுக்குக் கொண்டுபோய்த் திரும்ப வேண்டும். எக்ஸ் ஏயாக இருந்தால் ஏவுக்குப் போய், பிக்குத் திரும்பி, மீண்டும் ஏவுக்கு வர வேண்டும். ஆனால் இரண்டு கிளிக்கா மூன்றா என்பதே விடையைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் பொத்தானை வேகமாகப் பலமுறை, வெவ்வேறு எண்ணிக்கையில் மாற்றி அழுத்திவிட்டு உரிய இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்; அப்போது கிளிக் எண்ணிக்கையை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம்.

எத்தனை முறை செய்வது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, நடுவில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். 16-இல் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், அது வெறும் அதிர்ஷ்டத்தால் நேர்வதற்கான வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. உங்களுக்கு வேறுபாடு கேட்கிறது என்று கொள்ளலாம். பத்து முறை மட்டும் செய்தால் 9 சரியாக இருக்க வேண்டும். 8 சரியாக வருவது 5 விழுக்காட்டுக்கு மேல் தற்செயலாகவே நிகழக்கூடியது. காது களைத்துவிடும் என்பதால் நான்கு நான்காகப் பிரித்து, இடையே ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள்.

எதைக் கேட்பது, எங்கே கேட்பது

கூடுமானவரை ஹெட்போனில் சோதியுங்கள். ஸ்பீக்கர் முன்னால் தலையை ஒரு சாண் நகர்த்தினால் மேல் ஸ்வரங்களில் ஏற்படும் மாற்றம், இரண்டு நல்ல டாக்குகளுக்கு இடையே உள்ள எந்த வேறுபாட்டையும்விடப் பெரியது. நம் வீடுகளில் மின்விசிறியின் காற்றொலி மெல்லிய பகுதிகளை விழுங்கிவிடும். அதனால் இரவு நேரத்தில், விசிறியையும் ஏசியையும் அந்தச் சிறிது நேரத்துக்கு அணைத்துவிட்டு உட்காருவது நல்லது.

பாட்டைப் பொறுத்தவரை, நீங்கள் நன்கு அறிந்ததும் வெவ்வேறு குணமுள்ள ஒலிகள் கொண்டதுமான பதிவுகளை எடுங்கள். தனித்து ஒலிக்கும் தம்புரா மிகப் பயனுள்ளது. அதன் தொடர்ந்த மேல் ஸ்வரங்களில் சிறு மாற்றமும் தெரியும். மிருதங்கத்தின் வலந்தலை அடியும் கஞ்சிராவும் திடீர் எழுச்சிகளுக்கு, தனி வீணையின் கமகம் தேய்ந்து அடங்கும் இடம் இரைச்சலுக்கு, நெருக்கமாகப் பதிவான பெண் குரல் நடுப்பகுதிக்கு. சத்தம் மிகுந்த அண்மைக்காலத் திரைப்பாடல் ஒன்றும் இருக்கட்டும். அதன் காரணம் கீழே வருகிறது. பழைய திரைப்பாடல்களில் கேட்கும் மெல்லிய "ஸ்ஸ்" ஒலி நாடாப் பதிவிலிருந்து வருவது. அதை வைத்து டாக்கின் இரைச்சலை மதிப்பிடக் கூடாது.

வேறுபாடு கேட்டால் காரணம் தேடுங்கள்

அளவைச் சமப்படுத்திய பிறகும் 16-இல் 14 முறை சரியாகச் சொல்ல முடிகிறது என்றால், அதற்குக் கண்டுபிடிக்கக்கூடிய காரணம் பெரும்பாலும் இருக்கும்.

பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நுண்ணுணர்வு மிக்க இயர்போனில் ஒன்றில் மட்டும் "ஸ்ஸ்" கேட்டால், அதன் அனலாக் சுற்றின் இரைச்சல் கூடுதல். மௌஸை நகர்த்தும்போதோ கோப்பைத் திறக்கும்போதோ கீச்சொலி கேட்டால், கணினியின் குறுக்கீடு யுஎஸ்பி கேபிளின் கிரவுண்ட் வழியாக வருகிறது. "ம்ம்" என்ற ரீங்காரம் மின்சாரத்தின் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்புகள் இரண்டு வழிகளில் சேர்ந்து வளையமாகியிருக்கிறது, என்று பொருள். ஆப்டிகல் கேபிளில் மின் தொடர்பே இல்லை என்பதால், ஆப்டிகல் இன்புட் இருந்தால் அதற்கு மாறுவதே எளிய தீர்வு. ரீங்காரத்தை நிறுத்துவதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடுவது உயிருக்கு ஆபத்து. அதை எக்காரணம் கொண்டும் செய்ய வேண்டாம். சதுர அலை இன்வெர்ட்டரில் வீடு ஓடும் நேரத்திலும், விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் இயங்கும்போதும் வரும் கரகரப்பு டாக்கின் பிழை இல்லை என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

இயர்போனில் மட்டும் தொனி மாறி, ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கேட்கும்போது மாறவில்லை என்றால், ஹெட்போன் துளையின் வெளியீட்டு மின்தடையைச் சந்தேகிக்கலாம். அது இயர்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். ஒலியெழுப்பும் சிறு பகுதிகளான டிரைவர்கள் பல கொண்ட இயர்போன்களில் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மின்தடை ஏறி இறங்குவதால் இந்த விளைவு தெளிவாகவே கேட்கும்.

மேல் ஸ்வரங்கள் மட்டும் சற்று மங்கலாகத் தோன்றினால், எண்களிலிருந்து அலையை மீட்கும்போது தேவையற்ற மேல் அதிர்வெண்களை நீக்கும் ஃபில்டரைப் பாருங்கள். ஃபாஸ்ட், ஸ்லோ என்று ஃபில்டர் தேர்வுகள் உள்ள கருவிகளில் அவற்றுக்கிடையே வேறுபாடு கேட்பது அரிது. ஆனால் நாஸ் என்று அழைக்கப்படும், ஓவர்சாம்ப்ளிங் (எண்களுக்கு நடுவே கூடுதல் எண்களைக் கணக்கிட்டுச் சேர்ப்பது) செய்யாத முறையில் இயங்கும் டாக்குகளில், 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஓடும்போது 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபலும் 20 கிலோஹெர்ட்ஸில் மூன்று டெசிபலுக்குச் சற்று மேலும் குறைவது கணிதப்படியே நிகழ்வது. இம்முறையில் இயங்கும் ஆர்-2ஆர் (மின்தடை அடுக்கைக் கொண்டு எண்ணை மாற்றும்) டாக்குகளின் "மென்மையான" ஒலி என்று புகழப்படுவதில் ஒரு பகுதி இந்தச் சரிவாக இருக்கலாம். அது உங்களுக்குப் பிடித்திருந்தால் தவறில்லை. ஈக்வலைசரிலும் அதைப் பெறலாம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சத்தம் மிகுந்த அந்தத் திரைப்பாடலில் மட்டும் ஒரு கருவி கரகரத்தால், காரணம் வேறு. உச்சவரம்பைத் தொடும்படி பதிவான பாட்டில், இரண்டு எண்களுக்கு நடுவே மீண்டு எழும் அலை அந்த வரம்பைத் தாண்டக்கூடும். சில டாக்குகளில் அதற்கு இடம் விட்டிருப்பார்கள், சிலவற்றில் விட்டிருக்க மாட்டார்கள். பிளேயரில் 3 டெசிபல் குறைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரில் கூட்டினால் கரகரப்பு மறைந்துவிடும்.

ஜிட்டர், அதாவது எண்களை மாற்றும் நேரத்தில் ஏற்படும் மிகச் சிறு தடுமாற்றம் பற்றி விற்பனையாளர்கள் அதிகம் பேசுவார்கள். இன்றைய யுஎஸ்பி டாக்குகள் பெரும்பாலும் அசிங்க்ரனஸ் முறையில், தங்கள் சொந்தக் கடிகாரத்தைக் கொண்டு கணினியிடமிருந்து தரவைக் கேட்டு வாங்குகின்றன. ஆகவே அதற்காகத் தனிப் பெட்டி வாங்குமுன் இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள்.

உதவிக்கு ஆள் இல்லாதவர்களுக்கு

தனியாக இருப்பவர்கள், ஒலியைக் கணினியில் பதிவுசெய்ய உதவும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று கையில் இருந்தால், இரண்டு டாக்குகளின் லைன் அவுட்டையும் அதில் ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து, ஆடாசிட்டியில் தொடக்கத்தையும் அளவையும் ஒத்துப்போகச் செய்து, ஃபூபார்2000-இன் ஏபிஎக்ஸ் இணைப்பில் கேட்கலாம். எக்ஸைக் கணினியே தேர்ந்தெடுத்து, எண்ணிக்கையையும் வாய்ப்பு விழுக்காட்டையும் தானே காட்டும். பதிவுசெய்யும் கருவியின் இரைச்சல் இரண்டிலும் சேரும் என்பதால் மிக மெல்லிய வேறுபாடுகள் இதில் மறையலாம். பெரிய வேறுபாடுகள் மறையா.

முடிவு வந்த பின்

16-இல் 7, 8, 9 என்று வந்தால், உங்கள் ஹெட்போனில் உங்களுக்கு அந்த இரண்டு கருவிகளும் ஒன்றே. அப்போது விலை உயர்ந்ததைத் திருப்பி அனுப்ப அவகாசம் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனையைக் கருவி வந்த வாரத்திலேயே செய்துவிட வேண்டும் என்பது இதனால்தான். பிறகு தேர்வைப் பயன்பாட்டு வசதிகளே தீர்மானிக்கலாம். தொலைக்காட்சிக்கு ஆப்டிகலும் கணினிக்கு யுஎஸ்பியும் என இன்புட்டுகள் போதுமா, ரிமோட் உண்டா, 300 ஓம் ஹெட்போன் வைத்திருந்தால் அதற்குப் போதிய மின்னழுத்தம் வருமா, பாட்டு மாறும்போது முதல் எழுத்தை விழுங்காமல் ஒலிக்கிறதா, கருவி சூடாகிறதா, பழுதானால் ஊரிலேயே சரிசெய்ய ஆள் இருக்கிறார்களா என்பவை அன்றாடம் கைகொடுக்கும் கேள்விகள். மீதமாகும் பணத்தை ஹெட்போனிலோ ஸ்பீக்கரிலோ போட்டால் முதல் பாட்டிலேயே வேறுபாடு கேட்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

டோன் கோப்பையும் சோதனைப் பாட்டுகளையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, ஒவ்வொரு டாக்குக்கும் மீட்டர் காட்டிய எண், அளந்த இடம், அப்போதைய வால்யூம் நிலை ஆகியவற்றை அதனுடன் ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள். அடுத்த முறை நண்பர் ஒருவர் தன் கருவியைக் கொண்டுவரும்போது, வால்யூமை அதே நிலையில் வைத்து உங்கள் டாக்கை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, புதியதை மட்டும் அளந்தால் போதும்.